பிபி மிஷினுக்குள் பூத்த வெள்ளைப் பொடி

கேள்வி: மாமியாருக்கு வாங்கிய பிபி மிஷினை நாலைந்து மாதம் கழித்து பீரோவிலிருந்து எடுத்தேன். பின்பக்க மூடியைத் திறந்தால், நான்கு செல்லில் இரண்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஸ்பிரிங்கில் பச்சையும் தெரிகிறது. புது செல் போட்டேன். திரையில் எண் வருகிறது. கைப்பட்டையில் காற்று ஏற ஆரம்பித்ததும் அணைந்துவிடுகிறது. ஆப்பசோடாவைக் கரைத்துத் தேய்க்கச் சொல்கிறார் எதிர்வீட்டு அண்ணன். வினிகர்தான் போட வேண்டும் என்கிறாள் மகள். யார் சொல்வதைக் கேட்பது? கசியாத பழைய செல் இரண்டையும் வேறு எதற்காவது போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன் கசிந்த செல்லை ஒருமுறை உருட்டிப் பாருங்கள். ‘அல்கலைன்’ என்றோ, ‘எல்ஆர்6’ என்றோ அச்சிட்டிருந்தால் வினிகர். வெறும் ‘ஆர்6’ என்றிருந்தால் அது சாதாரண கார்பன் செல். அதற்கு வைத்தியம் வேறு. அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் கையில் கிடைத்ததைத் தேய்ப்பதால்தான் பாதிக் கருவிகள் கெடுகின்றன.

அல்கலைன் செல்லுக்குள் இருப்பது ஆசிட் இல்லை, காரம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. உள்ளே இருக்கும் துத்தநாகத் தூளும் இந்தக் காரமும் சேர்ந்து சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் வாயுவை விடும். செல் தீர்ந்துபோன பிறகும் கருவிக்குள்ளேயே கிடந்தால் வாயு அதிகமாகும். அழுத்தம் தாங்காமல் அடைப்பு வழிவிடும், காரம் வெளியே வரும். முன்பெல்லாம் வாயுவை அடக்கத் துத்தநாகத்தில் பாதரசம் சேர்த்தார்கள். அது விஷம் என்பதால் 1990களில் கைவிட்டார்கள். வெளியே வந்த காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியம் கார்பனேட்டாக உறையும். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். பச்சை, உலோகத்தில் பிடித்த களிம்பு.

காரத்தின் மேல் ஆப்பசோடா போட்டால் என்ன ஆகும்? அதுவும் காரம்தான், ஒன்றும் ஆகாது. அண்ணன் சொன்னது இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் கார் பேட்டரிக்கும் பொருந்தும். அங்கே கந்தக அமிலம் இருக்கிறது, சோடா அதை முறிக்கும்.

பிபி மிஷினுக்கு வருவோம். கையுறை இல்லாவிட்டால் பால் கவரையாவது விரலில் சுற்றிக்கொள்ளுங்கள்; இந்தப் பொடி தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். செல்களை எடுத்ததும் கருவியைக் கவிழ்த்துப் பிடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பொடியைத் தட்டுங்கள். நிமிர்த்தி வைத்துத் தேய்த்தால் பொடி இடுக்கு வழியாக சர்க்யூட்டுக்குள் போகும். பிறகு காது குடையும் பட்ஸை வினிகரில் தொட்டு, பிழிந்துவிட்டு, ஸ்பிரிங்கிலும் எதிர்த்தகட்டிலும் ஒற்றுங்கள். நுரைக்கும். நுரை நிற்கும்வரை பட்ஸை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். நின்றால் காரம் தீர்ந்தது. எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், ஆனால் பிசுக்கு விடும். குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கும் ஆசை வரலாம். வேண்டாம், அந்த உப்பே அடுத்த அரிப்பைத் தொடங்கி வைக்கும்.

வினிகரையும் அப்படியே விடக்கூடாது. தண்ணீர் தொட்ட பட்ஸால் இரண்டு தடவை துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதாலும் ஒருமுறை துடைத்து, மூடியைத் திறந்தபடியே ஃபேனுக்கடியில் ஓர் இரவு வையுங்கள்.

காய்ந்த பிறகும் தகடு கறுப்பாக இருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் உப்புத்தாள், அதிலும் மிக நைசானது, இரண்டு இழுப்போடு சரி. ஸ்பிரிங் உள்ளே இரும்பு, மேலே நிக்கல் முலாம். முலாமைச் சுரண்டிவிட்டால் நம்மூர் ஈரக்காற்றில் துரு ஏற அதிக நாள் ஆகாது. ஏற்கெனவே முலாம் போயிருந்தால் வாஸ்லினை மிக மெல்லிசாகத் தடவிவிடலாம்.

எண் வந்துவிட்டு மிஷின் அணைவது ஏன் என்றால், நான்கு செல்லும் சேர்ந்து 6 வோல்ட். திரைக்குச் சொற்ப மின்னோட்டம் போதும். காற்றடிக்கும் மோட்டாருக்கு அரை ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கேறிய தகடு 3 ஓம் தடை கொடுத்தால் ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். ஒரு செல்லைப் பிடுங்கிவிட்ட மாதிரி. உங்கள் மிஷினில் அடாப்டர் சொருகும் துளை இருந்தால் அதற்குரிய அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் கோளாறு செல் அறையில்தான். துடைத்தும் சரியாகவில்லை என்றால் காரம் ஒயருக்குள் ஊறியிருக்கலாம்; செம்புக்கம்பி கறுத்துப்போயிருக்கும். அந்த ஒயரை வெட்டிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும், எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடைக்குச் சின்ன வேலை. மிஷின் ஓடத் தொடங்கியதும், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப்போய் அளவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கார்பன் செல் என்றால்? 1866இல் லெக்லாஞ்சே செய்த மின்கலத்தின் வாரிசு அது. பள்ளிக்கூடத்தில் நவச்சாரக் கரைசலோடு படம் வரைந்திருப்பீர்கள். அதன் துத்தநாகக் குடுவைதான் செல்லின் சுவரும், கரைந்து மின்சாரம் தருவதும். கரைந்து கரைந்து ஓட்டை விழும். கசிவு லேசான அமிலத்தன்மை உள்ளது. அங்கே வேண்டுமானால் அண்ணனின் சோடாவை ஒரு துளி தொட்டுக்கொள்ளலாம், ஈரத்துணியே பெரும்பாலும் போதும்.

கடைசிக் கேள்வி. அந்த இரண்டு செல்லையும் புது செல்லோடு கலந்து எதிலும் போடாதீர்கள். பலவீனமான செல் முதலில் தீரும். மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குள் வாயு பெருகி மறுபடி கசியும். தனியாக ஒரே செல்லில் ஓடும் சுவர்க் கடிகாரத்துக்குப் போடலாம் என்று தோன்றும். கசிந்த செல்களோடு சேர்ந்து கிடந்தவை, எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கையும் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். மிஷினை மறுபடி பீரோவில் வைப்பதானால் செல்லைக் கழற்றி வைக்கச் சொல்லி மாமியாரிடமும் சொல்லிவிடுங்கள்.