பால் மறந்த பன்றிக் குட்டிகளில் வீக்க நோய்

பால் மறக்கடித்த ஓரிரு வாரங்களில், நன்கு வளர்ந்த பன்றிக் குட்டிகள் முதல் நாள் வரை தீவனம் தின்றுவிட்டு மறுநாள் காலையில் இறந்து கிடப்பதுண்டு. விற்பனைக்கு நம்பியிருந்த கொழுத்த குட்டிகளே முதலில் மடிவதால் சிறு பண்ணையாளருக்கு இழப்பு அதிகம்.

காரணம்

ஈ.கோலை பாக்டீரியாவில் சில வகைகள் சிறுகுடலில் ஒட்டிப் பெருகி நச்சுப் பொருளைச் சுரக்கின்றன. இந்நச்சு இரத்தத்தில் கலந்து நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைப்பதால், நீர் கசிந்து இமை, இரைப்பைச் சுவர், மூளை ஆகியவற்றில் வீக்கம் உண்டாகிறது. தாய்ப்பாலின் பாதுகாப்பு நின்றவுடன் அடர்தீவனத்தை அளவின்றிக் கொடுப்பது நோய்க்கு வழி வகுக்கும்.

அறிகுறிகள்

இமைகள் வீங்கும். நடை தள்ளாடும். குரல் கம்மும். பின்னர் குட்டி பக்கவாட்டில் விழுந்து கால்களை உதைத்துக் கொள்ளும். பெரும்பாலும் காய்ச்சல் இராது, கழிச்சலும் இல்லாதிருக்கலாம். கடுங்காய்ச்சல் இருந்தால் பன்றிக் காய்ச்சல் நோயா எனப் பார்க்க வேண்டும். உப்பு மிகுந்த உணவுவிடுதிக் கழிவைத் தின்று குடிநீர் கிடைக்காத குட்டிகளுக்கும் வலிப்பு வரும். எனவே கொடுத்த தீவனத்தை மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

சிகிச்சை

மருந்து கிருமியை அழிக்குமே தவிர, இரத்தத்தில் கலந்த நச்சை முறிக்காது. ஆகவே தள்ளாடும் குட்டிகளில் பல பிழைப்பதில்லை. அவற்றை உலர்ந்த, அமைதியான இடத்தில் தனியே விட வேண்டும். புரையேறும் என்பதால் வாயில் மருந்து புகட்டக் கூடாது.

மற்றக் குட்டிகளைக் காப்பதே முக்கியம். அன்றே அடர்தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, தவிடு சேர்த்து, நாளுக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். குட்டிகள் தேறியபின் ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டலாம். சுத்தமான குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் கூறும் எதிருயிரி மருந்தை, கூறிய நாட்கள் முழுவதும் குடிநீரில் கொடுக்க வேண்டும். உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் மருந்தை உபயோகிக்க இந்தியாவில் 2019-இல் தடை விதிக்கப்பட்டது. இறந்த குட்டியைப் பரிசோதனை செய்து நோயை உறுதி செய்வது நல்லது.

தடுப்பு

குட்டிகளுக்கு 2 வார வயது முதல் குட்டித் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். பால் மறக்கடிக்கும்போது தாய்ப்பன்றியை அகற்றிக் குட்டிகளை அதே கொட்டிலில் விடுவது சிறந்தது. தீவன மாற்றத்தை 7 முதல் 10 நாட்களில் செய்ய வேண்டும். வெவ்வேறு ஈற்றுக் குட்டிகளை உடனே கலக்கலாகாது. அடுத்த ஈற்றுக்கு முன் கொட்டிலைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, உலர விட வேண்டும்.