நிழல் காட்டும் அகழி

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு புல்வெளியில் நடந்து செல்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். காலடியில் ஒரு சிறு மேடு. அடுத்து ஆழமற்ற ஒரு பள்ளம். பொருட்படுத்தாமல் கடந்து விடுவீர்கள். அதே இடத்தை மாலை வெயிலில் விமானத்திலிருந்து பார்த்தால், சதுரமான அகழியும் அருகே மீன் குளங்களும் பளிச்சென்று தெரியும்! இது எப்படி?

முதலில் அகழியின் கதையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அகழி வீடுகளின் தடங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஏறத்தாழ 1250-க்கும் 1350-க்கும் இடையில் வெட்டப்பட்டவை. நிலப்பிரபுக்களும் வசதியுள்ள உழவர்களும் வீட்டைச் சுற்றி அகழி அமைத்தனர். அது திருடனைத் தடுக்கும், படையைத் தடுக்காது. அந்தஸ்தைக் காட்டுவதே முக்கிய நோக்கம். களிமண்ணின் நுண்துகள்களிடையே நீர் எளிதில் கசியாது. ஆகவே களிமண் பகுதிகளில் அகழிகள் மிகுதி. வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் கிறிஸ்தவர்கள் இறைச்சியை விலக்கியதால், பிரபுக்களின் விருந்துக்கு மீன் தேவைப்பட்டது. அதற்காகவே குளங்கள்.

காலப்போக்கில் பல வீடுகள் மறைந்தன, அகழிகள் தூர்ந்தன. எஞ்சிய மேடு பள்ளங்களை ஒளி எவ்வாறு காட்டுகிறது?

செங்குத்தான 30 செ.மீ. மேடு ஒன்றை எடுத்துக் கொள்வோம். கோடை நடுப்பகலில் அங்கே சூரியன் சுமார் 61 பாகை உயரத்தில் நிற்கும். மேட்டின் நிழல் 17 செ.மீ. மட்டுமே. சூரியன் 10 பாகைக்கு இறங்கியதும் நிழல் 170 செ.மீ. ஆகிவிடும். பத்து மடங்கு! மேடு சரிவாக இருந்தாலும், சூரியனை நோக்கிய பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் தோன்றும்.

மரங்கள் மறைத்தால்? விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பும் 'லிடார்' முறை உதவுகிறது. இலைகளின் இடைவெளி வழியே தரையைத் தொட்டுத் திரும்பும் ஒளியின் பயண நேரம் அளக்கப்படுகிறது. நேரத்தில் ஒரு நானோ வினாடி வேறுபாடு என்றால் உயரத்தில் 15 செ.மீ. வேறுபாடு.

ஆனால் டிராக்டர் உழவு பல மேடுகளைச் சமமாக்கி விட்டது. சமமான தரைக்கு நிழல் ஏது? பல இடங்களுக்குப் பழைய விமானப் படங்களே சாட்சி. சில வேளை வறட்சியும் உதவும்: தூர்ந்த அகழியின் ஆழமான மண்ணில் ஈரம் தங்குவதால், அதன்மேல் வளரும் பயிர் மட்டும் பசுமையாக நின்று அகழியின் வடிவத்தை வரைந்து காட்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். தட்டில் மாவைப் பரப்பி, விரலால் மெல்லிய கோடு இழுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கை முதலில் நேர் மேலே பிடியுங்கள். பிறகு தட்டின் விளிம்பருகே தாழ்த்துங்கள். கோடு எப்போது நன்றாகத் தெரிகிறது?