பயண நாளைத் தீவுக் கணக்கில் எழுதாதீர்கள்

சென்னையிலிருந்து அந்தமான் கிளம்பும் தம்பதிகளில் பலர் முதல் நாளை இப்படித்தான் திட்டமிடுகிறார்கள்: காலையில் விமானம், மதியம் படகு, மாலையில் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம். காகிதத்தில் பார்க்க எந்தக் குறையும் தெரியாது. விமானத்தில் இரண்டேகால் மணி நேரம், தனியார் அதிவேகப் படகில் ஒன்றரை மணி நேரம், பிறகென்ன என்று தோன்றும். ஆனால் என் அனுபவம் சொல்வது வேறு. முதல் நாளைப் பயணத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, அன்றிரவு விமானம் இறங்கும் போர்ட் பிளேரிலேயே தங்கி, மறுநாள் காலைப் படகில் தீவுக்குப் போவதே நல்லது. அப்படிச் செய்தால் ஒரு நாள் வீணாகிறதே என்பார்கள். வீணாவதில்லை, மிச்சம் பிடிக்கப் பார்க்கும்போதுதான் அந்த நாள் கைவிட்டுப் போகிறது.

முதலில் வெயிலின் கணக்கைப் பார்ப்போம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஏறக்குறைய 92.7 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் அங்கே சூரியன் கடிகாரத்தை விட 40 நிமிடம் முந்தி ஓடுகிறது. சென்னையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் அதிகம். டிசம்பரில் அங்கே மாலை 5 மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடும். இப்போது காலை 11.30க்குத் தரையிறங்கும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்து சேர 12 மணி தாண்டும். மதியம் 2 மணிப் படகு என்றால், ஒரு மணி நேரம் முன்பே ஜெட்டியில் இருக்க வேண்டும். சாப்பாடு அவசரமாக முடியும், அல்லது பிஸ்கட்டோடு முடியும். தீவின் ஜெட்டியில் இறங்கும்போது 3.30. பெட்டிகளை எடுத்து, வண்டி பிடித்து, ஓட்டலில் பதிவு செய்து அறைக்குள் நுழைய நாலரை. ஜெட்டியிலிருந்து ராதாநகர் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். போய்ச் சேரும்போது சூரியன் விடைபெற்றிருக்கும், மக்கள் திரும்பிக்கொண்டிருப்பார்கள். எதற்காக அந்த ஓட்டமோ, அதுவே கிடைப்பதில்லை.

அப்படியானால் விடியற்காலை விமானத்தைப் பிடிக்கலாமே என்பது அடுத்த யோசனை. பிடிக்கலாம், விலை தூக்கம். 5 மணி விமானத்துக்கு 3 மணிக்காவது விமான நிலையத்தில் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் மெட்ரோ கிடையாது. மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முந்தைய இரவே ரயிலிலும் காத்திருப்பு இருக்கையிலும் கழிந்துவிடும். புதுமணத் தம்பதிகளாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். முகூர்த்தம், வரவேற்பு, மறுவீடு, விருந்து என்று ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காதவர்கள் அவர்கள். பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம் என்றால், பசி வந்தால் இவருக்குக் கோபம் வருமா, தூக்கம் கெட்டால் அவருக்குத் தலைவலி வருமா என்பதுகூட ஒருவருக்கொருவர் இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஜெட்டியின் வரிசை ஏற்ற இடமல்ல. முதல் மனத்தாங்கல் பெரும்பாலும் பெரிய விஷயத்தில் வருவதில்லை. “நீங்கதானே டிக்கெட் எடுத்து வச்சீங்க?” என்ற ஒரு கேள்வியில் வந்துவிடும், அதுவும் தூக்கமில்லாத கண்களோடு கேட்கும்போது.

உடலுக்கும் இதில் பங்கு உண்டு. அதிவேகப் படகுகளில் பெரும்பாலானவை மூடிய ஏசி அறை கொண்டவை; வாந்தி வரும்போல் இருந்தால் மேல்தளத்தில் போய்க் காற்று வாங்கலாம் என்று நம்ப முடியாது. தூக்கமின்மை, காலி வயிறு, விமானத்தின் களைப்பு மூன்றும் சேர்ந்தால் சாதாரண அலையே போதும். குமட்டல் மாத்திரையை அலை தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், அதையும் மருத்துவரிடம் கேட்டு. இட்லி போல லேசாகச் சாப்பிட்டு, படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். இரவு நன்றாகத் தூங்கி எழுந்து காலைப் படகில் ஏறுகிறவருக்கு இதெல்லாம் எளிது. அரசுப் படகில் நேரம் கூடுதல், ஏறக்குறைய இரண்டரை மணி. அது தீவுவாசிகளின் அன்றாடப் போக்குவரத்துக்காக ஓடுவது, சுற்றுலாப் பயணிக்கு இடம் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதற்கு வரும் மறுப்புகள் நியாயமானவை. கிடைப்பதே ஐந்து நாள் விடுப்பு, அதில் ஓர் இரவை ஊருக்குள் கழிப்பதா என்பார்கள். ஆனால் மாலை நாலரைக்குத் தீவு அறைக்குள் நுழைகிறவருக்கும் மறுநாள் காலை பத்துக்கு முன் தீவில் இறங்குகிறவருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஓர் இருட்டும் ஒரு தூக்கமும்தான். செலவோ, கடற்கரை விடுதிகளை விட ஊருக்குள் அறை வாடகை பொதுவாகக் குறைவு. போர்ட் பிளேரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலர் சிறையை ஏதோ வழியில் பார்த்துப் போகும் இடமாக நினைக்கிறார்கள். ஏழு சிறகுகளில் மூன்றுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. அந்தத் தாழ்வாரத்தில் நடக்க ஒரு மாலை நேரம் தேவை, விமானத்துக்கு முன் கிடைக்கும் அரை மணி போதாது. சிறைக்கு விடுமுறை நாளா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தமிழர்கள் நிறைய வாழும் ஊர் அது, இரவுச் சாப்பாட்டுக்குத் தவிக்க வேண்டியதில்லை. டூர் பேக்கேஜ்காரர் முதல் நாளே படகு போட்டுத் தந்திருந்தால், இரவுகளின் வரிசையை மாற்றித் தரக் கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

ஒரு மறுப்பை நான் ஏற்கிறேன். உள்ளூர்க்காரர்களாக, சென்னையில் விமான நிலையத்துக்கு அருகே வசிப்பவர்களாக, முந்தைய இரவு தூங்கியவர்களாக இருந்து, காலை 9 மணிக்குள் தரையிறங்கும் விமானமும் கிடைத்தால், அதே நாளில் படகு ஏறலாம். தரையிறங்குவதற்கும் படகுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். ஏனென்றால் விமான டிக்கெட்டும் படகு டிக்கெட்டும் தனித்தனி. விமானம் தாமதமானதற்காகப் படகு காத்திருக்காது. அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் கடமையும் படகு நிறுவனத்துக்கு இல்லை.

ஆனால் திரும்பும் பக்கத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில்தான் இருக்க வேண்டும். 2016 டிசம்பரில், பிறகு வர்தா புயலாகிச் சென்னையைத் தாக்கிய அதே சின்னம் அந்தமான் அருகே உருவானபோது, படகுகள் நின்று ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்து வந்தன. பிப்ரவரி, மார்ச்சில் கடல் பொதுவாக அமைதி என்பது உண்மை. அதனால் ஆபத்து குறைகிறதே தவிர, நீங்குவதில்லை.

இனி பெட்டியும் பெயரும். இருவரின் துணிகளையும் இரண்டு பெட்டிகளிலும் பாதிப்பாதியாக வையுங்கள். ஒரு பெட்டி வராவிட்டாலும் இருவருக்கும் மாற்றுடை இருக்கும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு தீவுகளில் இணையம் மேம்பட்டிருக்கிறது, ஆனாலும் டிக்கெட்டுகளை இருவரின் போனிலும் இறக்கி வைத்து, ஒரு அச்சுப் பிரதியும், போதிய ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் ஏடிஎம்கள் சிலவே. எல்லாவற்றுக்கும் முன்னால், டிக்கெட் எடுக்கும்போதே பெயரைச் சரிபாருங்கள். மனைவியின் ஆதாரில் அப்பாவின் தலைப்பெழுத்து இருக்கும், டிக்கெட்டில் ஆசையாகக் கணவர் பெயரைச் சேர்த்திருப்பார்கள். நுழைவாயிலில் பாதுகாப்புப் படையினர் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். தலைப்பெழுத்தை விரித்து எழுதியிருந்தாலும் சரி, சுருக்கியிருந்தாலும் சரி, அடையாள அட்டையில் உள்ளபடியே விமானத்துக்கும் படகுக்கும் எடுங்கள். பெயர் மாற்றம் வேண்டுமானால் பயணம் முடிந்து வந்து ஆதாரில் செய்துகொள்ளலாம்.