முட்டை வண்டி: அந்த அலமாரியைக் கழற்றுவதற்கு முன்

கம்போசிட்ஸ் லேபில் அந்தத் தகட்டை எல்லாரும் ஒரு தடவையாவது போட்டிருப்பீங்க. கண்ணாடி நார் விரிப்பு மூணு அடுக்கு, பாலியஸ்டர் ரெசின், சொட்டு எண்ணி ஊத்தின கேட்டலிஸ்ட், ஒரு ரோலர், ரெண்டு மணி நேரத் தலைவலி. மறுநாள் உரிச்செடுத்து ரெண்டு கையாலும் பிடிச்சு வளைச்சா, சொன்ன பேச்சு கேக்கிற மாதிரி வளையும். இதை வச்சு என்னத்தைக் கட்டுறதுன்னு அப்போ தோணும்.

வீடே கட்டியிருக்காங்க. சக்கரம் வச்ச வீடு. நாலு பேர் படுக்கலாம், அடுப்பு இருக்கு, ஐஸ் பெட்டி இருக்கு, சாப்பாட்டு மேஜையைக் கீழே இறக்கினா அதுவே கட்டில். மொத்த நீளம் 13 அடி. சாதாரண கார் இழுத்துக்கிட்டுப் போகும்.

1968-ல் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் ரே ஒலெக்கோ என்பவர் இதை உருவாக்கினார். அதற்கு முன் அவர் ஃபைபர்கிளாஸில் செய்தது செப்டிக் டேங்க். சிரிக்காதீங்க. தண்ணீர் கசியாத, வெயிட் இல்லாத, ரெண்டு பாதியாக வார்த்து ஒட்டக்கூடிய ஒரு கூடு என்ற யோசனை இரண்டுக்கும் ஒன்றுதான். வட்டத் தொப்பி போல இருந்ததால் வண்டிக்கு போலர் என்று பெயர் வந்தது. பிறகு அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் பேக்கஸ் ஊரில் ஸ்கேம்ப், டெக்சாஸ் மாநிலத்தின் ரைஸ் ஊரில் கசீட்டா என்று இதே குடும்பத்தில் வண்டிகள் வந்தன. பார்க்க முட்டை மாதிரி இருப்பதால் அங்கே எல்லாவற்றையும் சேர்த்து 'முட்டை' என்றே கூப்பிடுவார்கள். அம்பது வயசு முட்டைகள் இன்னமும் ரோட்டில் ஓடுகின்றன. அதே வயசுள்ள மரச்சட்டம் போட்ட டிரெய்லர்கள் பலவும் கூரை ஒழுகி உளுத்து எப்போதோ குப்பைக்குப் போயாச்சு.

இப்படி ஒரு பழைய முட்டையை வாங்கி, உள்ளே எல்லாத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு தன் இஷ்டத்துக்கு மாத்திக் கட்டுவது அங்கே பலருக்கும் ஒரு பைத்தியம். அந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று இருக்கு. நம்ம செகண்ட் இயர் பாடத்தோடு நேரா சம்பந்தப்பட்ட தப்பு என்பதால்தான் இந்தக் கட்டுரை.

வளைவுதான் பலம்

முட்டையின் சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான். உள்ளே மரச்சட்டம் கிடையாது, இரும்புச் சட்டமும் கிடையாது. மோல்டில் முதலில் ஜெல்கோட், அதன் மேல் நறுக்கின நாரும் ரெசினும். மேல் பாதி தனி, கீழ்ப் பாதி தனி. இரண்டையும் இடுப்பில் சேர்த்து உள்பக்கமாக ஃபைபர்கிளாஸ் பட்டை போட்டு ஒட்டிவிடுவார்கள். வெளியே தெரிகிற அந்த இடுப்புப் பட்டி ஒட்டை மறைக்கத்தான்.

லேபில் நம்ம கையில் வளைந்த தகடு இங்கே ஏன் வளையலை? அது தட்டை, இது ரெண்டு திசையிலும் வளைந்த ஓடு. தட்டைத் தகட்டை அமுக்கினால் அது வளைவதன் மூலம் மட்டுமே தாங்கும். கனத்தின் மூன்றாம் அடுக்கில் மாறும் விறைப்பு என்பதால் மெல்லிசாக இருந்தால் தொலைந்தது. வளைந்த ஓட்டை அமுக்கினால் சுமை ஓட்டின் தளத்திலேயே இழுவிசையாகவும் அமுக்கு விசையாகவும் ஓடிவிடும். கோழி முட்டைக்கும் மண் பானைக்கும் உள்ள கெட்டித்தனம் இதுதான்.

ஆனால் முழு முட்டையாக இருக்கிற வரைக்கும்தான் இந்தக் கதை. கதவுக்கு ஒரு பெரிய ஓட்டை, நாலு பக்கமும் ஜன்னலுக்கு ஓட்டை, கூரையில் காற்றுப் போக ஒரு ஓட்டை போட்டால்? அதுவும் கூரையின் நடுப்பகுதி ஏறக்குறைய தட்டைதான். அங்கே ஓட்டுக்குத் துணை வேண்டும். அந்தத் துணை எங்கே இருக்கிறது என்று உள்ளே போய்த் தேடினால் தூண் எதுவும் கண்ணில் படாது. ஏன்னா தூண் துணி மாட்டுற அலமாரி வேஷத்தில் நிற்குது.

தரையிலிருந்து கூரை வரைக்கும் போகிற அந்த ஒல்லி அலமாரியும், எதிரே சமையல் மேடையும், அதற்கு மேலே தொங்குற பெட்டிகளும் வெறும் மரச்சாமான் இல்லை. சுவரோடும் கூரையோடும் ரிவெட் அடித்து இணைத்திருக்கும். கூரை கீழே இறங்காமல், பக்கச் சுவர் வெளியே பிதுங்காமல் பிடித்து வைப்பது இவைதான். விமானப் பாடத்தில் பல்க்ஹெட் என்று படிக்கிறோமே, இங்கே அதற்குள் சட்டை தொங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

புதுசா வாங்கினவர் என்ன நினைப்பார்? 'இந்த அலமாரி இடத்தை அடைக்குது, தூக்கிட்டா உள்ளே விசாலமா இருக்கும்.' ஸ்க்ரூ டிரைவரும் டிரில்லும் போதும், ஒரு சாயங்காலத்தில் வேலை முடிஞ்சிடும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் மோசம். சில மாதத்தில் கூரை மெதுவாகத் தொய்யும். தொய்ந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும். தேங்கின தண்ணீர் கூரை வென்ட்டின் ஓரத்தைத் தேடிப் பிடித்து உள்ளே வரும். கதவும் உடம்பின் வளைவுக்கேற்ப வார்த்ததுதான். உடம்பு வடிவம் மாறியதும் கதவின் மேல்முனையோ கீழ்முனையோ விலகி நிற்கும். கதவு கெட்டுப்போச்சு என்று கதவைச் சீவுவார்கள். கதவு அப்படியேதான் இருக்கு. மாறினது வீடு.

இத்தோடு கூரையில் ஏ.சி வைத்தால் கேட்கவே வேண்டாம். 35 கிலோவுக்கும் மேலே ஒரு சுமை, ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கும்.

அலமாரியை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். எடுத்த இடத்தில் அதே சுமையைத் தரைக்குக் கொண்டுபோக வேறு வழி செய்யணும்: ஒரு ஒல்லியான தூண், அல்லது கூரையின் உள்பக்கம் வளைவாக லேமினேட் செய்த விலா எலும்பு. புது உறுப்பை இணைத்த பிறகே பழையதைக் கழற்றணும். நடுவில் இருக்கிற நாட்களுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்தணும். கட்டடத்தில் சுவரை இடிக்கும் முன் நம்ம ஊர் மேஸ்திரி செய்கிற அதே வேலை.

வாங்கும்போது

பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. ஜெல்கோட்டில் சிலந்தி வலை மாதிரி கீறல் இருந்தால் பெரும்பாலும் அழகுப் பிரச்சினைதான். உண்மையான செலவு கீழே இருக்கு. படுத்துப் பார்க்கணும்.

முதலில் ஃபிரேம். முன்பக்கம் ஆங்கில ஏ எழுத்து மாதிரி நீண்டு போய் காரோடு சேருகிற பகுதி, உடம்புக்கு அடியில் நுழையும் இடத்தில் வளைகிறது. பழைய போலர்களில் விரிசல் விடும் இடமாகப் பேர் வாங்கினது இந்த வளைவு. வளைவுத் திருப்புமை அதிகமாக இருக்கும் இடமும் அதுவே, வெல்டும் துருவும் சேரும் இடமும் அதுவே. வயர் பிரஷ்ஷும் டார்ச்சும் எடுத்துக்கிட்டுப் போங்க. விற்பவர் அங்கே மட்டும் புதுசா கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் நல்லாத் தேய்த்துப் பாருங்க.

அடுத்து ஆக்ஸில். இதில் பட்டை ஸ்பிரிங் கிடையாது. சதுரக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகளைத் திணித்து, அதற்குள் ஒரு தண்டு திரும்பும்போது ரப்பர் நசுங்குவதே சஸ்பென்ஷன். பல வருஷம் ஒரே சுமையில் நசுங்கிக் கிடந்த ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. கண்டுபிடிப்பது சுலபம்: சக்கரத்தைத் தாங்கும் கையைப் பாருங்க. வண்டி காலியாக இருக்கும்போது அது பின்னால் போகப் போகக் கீழே சரிந்திருக்கணும். படுக்கைவாட்டாகவோ மேலே தூக்கியோ நின்றால் ரப்பர் செத்துப்போச்சு. ரிப்பேர் கிடையாது, முழு ஆக்ஸிலையும் மாத்தணும். அதன் விலையைக் கழிச்சுப் பேரம் பேசுங்க. டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-ன் 23-ம் வாரம். பட்டன் தேயாமலே டயர் கிழடாகும்.

ஓடு உளுக்காது, சரி. தரை உளுக்கும். பல மாடல்களில் தரை மட்டும் பிளைவுட் அல்லது ஓ.எஸ்.பி பலகை. கதவோரத்திலும் பின் மூலைகளிலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்க, கேக் மாதிரி இறங்கினால் தெரிஞ்சிடும். தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும்? ஜன்னல் ரப்பரும், சாமான்களைப் பிடிக்கும் ரிவெட்டுகளும்தான் வழக்கமான வழி. ஒவ்வொரு ரிவெட்டும் ஓட்டில் ஒரு துளை என்பதை மறக்கக் கூடாது. முந்தைய ஓனர் அதன் மேலெல்லாம் சிலிக்கோன் பூசியிருந்தால் உங்களுக்கு நல்ல காலம் இல்லை. அதைச் சுரண்டி எடுத்த பிறகும் மிஞ்சும் பசை மேல் பெயிண்ட்டும் ஒட்டாது, ரெசினும் ஒட்டாது. ஜன்னல் சட்டத்துக்கு பியூட்டைல் டேப் போதும், அடுத்த தடவை உரிச்செடுக்கவும் முடியும்.

கடைசியா பேப்பர். உரிமைப் பத்திரம் இல்லாத பழைய டிரெய்லரைப் பதிவு செய்யும் பாடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பத்திரம் கையில் வராமல் பணம் கொடுக்காதீங்க.

ஒட்டு வேலை

பழைய ஓட்டையை அடைக்கும்போது ஒரு கெமிஸ்ட்ரி விஷயம். இறுகி முடிந்த பாலியஸ்டர் மேல் புது பாலியஸ்டர் போட்டால் ரெண்டும் ஒன்றாகக் கலக்காது. சொரசொரப்பைப் பிடித்துத்தான் நிற்கும். அதனால் அரைக்கணும், அதுவும் சரிவாக. 12-க்கு 1 என்பது நல்ல கணக்கு: 3 மி.மீ. கனத்துக்கு ஓட்டையைச் சுற்றி 36 மி.மீ. சரிவு. எப்பாக்ஸி இதைவிட நல்லாப் பிடிக்கும். ஆனால் அதன் மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் சரியாக இறுகாது, பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். சாதாரண நறுக்கு நார் விரிப்பை ஒட்டி வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எப்பாக்ஸியில் கரையாது. விரிப்பு விறைப்பாகவே நிற்கும். எப்பாக்ஸி என்றால் நெய்த துணி வாங்குங்க. அரைக்கும்போது மாஸ்க் இல்லாமல் நிற்பவரை லேப் அசிஸ்டன்ட் என்ன சொல்லித் திட்டுவார் என்று உங்களுக்கே தெரியும்.

எடை எங்கே இருக்கு?

எத்தனை கிலோ ஏத்தினோம் என்பதைவிட எங்கே ஏத்தினோம் என்பது உயிர் சம்பந்தப்பட்டது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் அமுங்கணும். இதற்கு டங் வெயிட் என்று பெயர். பின்பக்கம் கனமானால் இது குறையும். ஒரு வேகத்துக்கு மேலே டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிசாகி கடைசியில் காரையும் இழுத்துக் கவிழ்க்கும்.

ஒரு உதாரணக் கணக்கு. கொக்கியிலிருந்து ஆக்ஸில் 2.6 மீட்டர். வண்டி 650 கிலோ, டங் வெயிட் 78 கிலோ, அதாவது 12 சதவீதம். நல்லாயிருக்கு. இப்போ பின்னால் ஒரு ஸ்டாண்ட் வெல்டு பண்ணி ரெண்டு சைக்கிள் மாட்டுறோம்: 35 கிலோ, ஆக்ஸிலுக்கு 1.5 மீட்டர் பின்னால். ஆக்ஸிலைச் சுற்றி மொமென்ட் எடுத்தால் டங் வெயிட் 35 × 1.5 ÷ 2.6, சுமார் 20 கிலோ குறையும். மீதி 58. மொத்தம் 685. சதவீதம் 8.4. ரெண்டு சைக்கிள், அவ்வளவுதான்! 12 கிலோ பேட்டரியை ஆக்ஸிலுக்கு 2 மீட்டர் முன்னால் வைத்தால் 9 கிலோ திரும்பி வரும், 9.6-க்குத்தான் ஏறும். 20 லிட்டர் தண்ணீர் கேனை 1.2 மீட்டர் முன்னால் தரையில் கட்டினால் 10.6. தப்பிச்சோம், ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிற வரைக்கும் மட்டும். சைக்கிளைக் காரின் கூரைக்கு மாத்துவதுதான் சரியான பதில். இப்படி ஏறின மொத்தம் டிரெய்லரில் ஒட்டியிருக்கும் உச்ச எடைத் தகட்டையும், கார் மேனுவலில் போட்டிருக்கும் இழுவை வரம்பையும் தாண்டக் கூடாது என்பது தனி.

அளக்க லேப் வேண்டாம். சின்ன முட்டைக்கு வீட்டு எடை மெஷினே போதும். சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மெஷின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, இழுக்கும்போது இருக்கும் அதே உயரத்தில் முன்முனையை அதன் மேல் இறக்குங்க. சாமானெல்லாம் ஏத்தின பிறகு அளக்கணும், காலி வண்டியை அளந்து பிரயோஜனம் இல்லை. ஒருவேளை ரோட்டில் ஆட்டம் வந்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீங்க, வேகமும் கூட்டாதீங்க. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லருக்குத் தனி எலக்ட்ரிக் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் அழுத்தணும்.

கரன்ட் விஷயம் சுருக்கமா. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 45 வாட், பத்துக்கு நாலு பங்கு நேரம் ஓடினால் நாளைக்கு 432 வாட்-அவர். ஃபேன், லைட், லேப்டாப் சேர்த்து 320 போடுங்க. மொத்தம் 750 சொச்சம். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் கிடைப்பது 600, ஒரு நாளே தாண்டாது. அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 1280. எடையும் பாதிக்கும் கீழே. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, மினசோட்டா குளிரில் இது சின்ன விஷயம் இல்லை. சோலார் பேனலைக் கூரையில் துளை போட்டு மாட்டாமல் தரையில் விரித்து வைத்தால் என் ஓட்டு அதற்கே. வண்டியை நிழலில் நிறுத்தலாம், பேனலை வெயிலில் போடலாம், கூரையும் தப்பிக்கும்.

எல்லாம் முடிந்ததும் உள்சுவர் மெத்தையை உடனே ஒட்டிவிடாதீங்க. ஒருத்தர் வெளியே ஹோஸ் பைப்போடு, ஒருத்தர் உள்ளே டார்ச்சும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு. கீழிருந்து மேலே, ஒவ்வொரு ஜன்னலுக்கும் அஞ்சு நிமிஷம், கடைசியில் கூரை. ஈரம் தெரிகிற ரிவெட்டைச் சுற்றி வட்டம் போடுங்க. முதல் தடவை வட்டம் நிறைய வரும்.