சோறு ஆறுகிற நேரம்தான் கணக்கு

கேள்வி: நாங்கள் செங்கல்பட்டில் குடியிருக்கிறோம். கணவர் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர். விடியற்காலை ஐந்து மணிக்குச் சமைத்துக் கட்டிக்கொடுக்கிற சாப்பாட்டை மதியம் ஒரு மணிக்குத்தான் பிரிக்கிறார். என் அத்தைக்குப் பிறந்த ஊர் சதுரங்கப்பட்டினம். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் கருவாட்டோடு சாப்பிட்டால்தான் அவருக்குத் திருப்தி. எனக்கு அது பிடிக்காது. மிஞ்சிய சோற்றை ஹாட்பேக்கிலேயே விட்டுவிட்டு, படுக்கப்போகும்போது ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடாக்கிக்கொள்வேன். "ஃப்ரிட்ஜில் வைத்த சோறு உடம்புக்கு ஆகாது" என்கிறார் அத்தை. சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலே விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. ஃப்ரிட்ஜ் சோறு சர்க்கரை நோய்க்கு நல்லது என்கிறாள் என் தங்கை. யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, செங்கல்பட்டு

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஹாட்பேக்தான். அதற்கு வருவதற்கு முன், சோறு ஏன் கெடுகிறது என்று பார்த்துவிடலாம்.

நெல் விளைகிற மண்ணிலேயே பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இருக்கிறது. மதுராந்தகத்து வயலானாலும் தஞ்சாவூர் வயலானாலும் இதில் வித்தியாசமில்லை. சூழல் சரியில்லாதபோது அது ஸ்போர் என்ற கெட்டியான உறைக்குள் அடங்கிவிடும். கோடையில் காய்ந்து கிடக்கும் தரையில் விழுந்த விதை, மழைக்குக் காத்திருக்கிற மாதிரி. அரிசியை எத்தனை முறை களைந்தாலும் ஸ்போர் முழுதாகப் போகாது. உலை கொதிக்கும் 100 டிகிரியிலும் பல தப்பிவிடும். குக்கரில் வெப்பம் 120 டிகிரியை நெருங்கும் என்பதால் பெருமளவு குறையும். ஆனால் மூன்று விசில் நேரத்தில் எல்லாம் அழிந்துவிடும் என்று சொல்ல முடியாது. மூடியைத் திறந்தபின் கரண்டி, கை, பாத்திரம் வழியாகவும் புதிதாக வந்து சேரலாம்.

சோறு ஆறத் தொடங்கியதும் ஸ்போர் முளைக்கிறது. ஈரமும் மாவுச்சத்தும் வெதுவெதுப்பும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் அதற்கு வேறு எங்கே அமையும்? 30 முதல் 37 டிகிரிக்குள் இந்தப் பாக்டீரியா ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை அப்படி 20 முறை இரட்டித்தால், ஒன்று என்பது பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். பெருகும்போது சில ரகங்கள் செரியுலைடு என்ற நச்சைச் சோற்றிலேயே விட்டுவைக்கின்றன. இது 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதையாத பொருள். வாசனை இல்லை, ருசியில் தெரியாது. வாட்ஸ்அப் தகவல் இங்கேதான் தடம் மாறுகிறது. சூடாக்குவதால் நச்சு உண்டாவதில்லை. ஏற்கெனவே உண்டான நச்சைச் சூடு போக்குவதில்லை, அவ்வளவுதான்.

1971-ல் லண்டனில் சீன உணவகங்களில் ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தியெடுத்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. சோற்றை மொத்தமாக வேகவைத்து, இரவு முழுக்க வெளியே ஆறவிட்டு, மறுநாள் வாணலியில் புரட்டிக் கொடுத்திருந்தார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு கட்டிக்கொள்ளும், பொலபொலவென்று வராது என்பதுதான் காரணம். வாணலியின் தகதக சூட்டில் பாக்டீரியா செத்தது, நச்சு தங்கிவிட்டது. சோறு மட்டுமல்ல, மாவுச்சத்துள்ள எந்த உணவிலும் இது நடக்கும். 2008-ல் பெல்ஜியத்தில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் சமையலறையில் வெளியே கிடந்த ஸ்பாகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டு இறந்துபோனார். இவ்வளவு தூரம் போவது மிக மிக அரிது. ஆனாலும் சூடு பண்ணிவிட்டோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

ஹாட்பேக்கில் என்ன தவறு?

பாக்டீரியா பெருகும் வெப்பநிலை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது. சோறு இதற்கு மேலே இருக்க வேண்டும், இல்லை கீழே இருக்க வேண்டும். நிறைய, கொதிக்கக் கொதிக்கச் சோறு போட்டு மூடிய ஹாட்பேக் கொஞ்ச நேரம் 60-க்கு மேலே வைத்திருக்கும். எட்டு மணிக்கு எல்லோரும் பரிமாறிக்கொண்டு, நாலைந்து முறை திறந்து மூடி, அடியில் இரண்டு கரண்டி மிஞ்சியபின் நிலைமை வேறு. அந்தச் சோறு ஆறவும் ஆறாது, சூடாகவும் இருக்காது. பதினொரு மணி வரை 40 டிகிரிப் பக்கத்திலேயே நிற்கும். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ஒரு நாள் நடுவில் செருகிப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. அக்னி நட்சத்திரத்தில் உங்கள் ஊர்ச் சமையலறை எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும்.

எப்படி ஆறவைப்பது, எப்படிச் சூடாக்குவது?

எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் மிஞ்சியதைத் தாம்பாளத்தில் பரப்புங்கள். ஒரு அங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம். ஃபேன் காற்றில் வைத்தால் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் ஆவி அடங்கிவிடும். தட்டையான டப்பாவில் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜின் உள்தட்டில் பின்பக்கமாக வையுங்கள். கதவுப் பக்கம்தான் ஃப்ரிட்ஜிலேயே குளிர் குறைந்த இடம். குக்கரையோ குண்டானையோ சோற்றோடு அப்படியே உள்ளே தள்ளினால், நடுச்சோறு குளிரப் பல மணி நேரம் ஆகும். ஃப்ரிட்ஜில் வைத்தும் கெட்டுப்போச்சு என்று சொல்பவர்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

எத்தனை நாள் வைக்கலாம்? அமெரிக்காவில் 3, 4 நாள் என்கிறார்கள். பிரிட்டனில் சோற்றுக்கு மட்டும் ஒரே நாள் என்கிறார்கள். நாளைக்கு நாற்பது முறை கதவு திறக்கிற நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு பிரிட்டன் கணக்கையே வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீசரில் போடுங்கள்.

சூடாக்க இட்லிக் கொப்பரையைப் போல நல்ல சாதனம் இல்லை. தட்டில் துணி விரித்து, சோற்றை உதிர்த்துப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடினால், சில நிமிடங்களில் வடித்த சோறு போலவே மெத்தென்று ஆகிவிடும். மைக்ரோவேவ் என்றால் தண்ணீர் தெளித்து, மூடி, பாதியில் ஒருமுறை கிளறுங்கள். இல்லாவிட்டால் ஓரம் கொதிக்கும், நடு சில்லென்று இருக்கும். நடுவிலும் 75 டிகிரி ஏற வேண்டும். தேவையான அளவு மட்டும் எடுத்து, ஒரே ஒரு முறை சூடாக்குங்கள். அதிலும் மிஞ்சியதைத் திரும்ப ஃப்ரிட்ஜுக்கு அனுப்பாதீர்கள்.

அத்தையின் பழைய சோறு

மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் குப்பங்களில் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழைய சோறுதான் கஞ்சி, காபி எல்லாம். தண்ணீருக்குள் இருக்கும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏறிய இடத்தில் பேசில்லஸ் சீரியஸ் வளரத் திணறும். வெறுமனே வெளியே கிடக்கும் சோற்றில் இந்தக் காவல் கிடையாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. எனவே அத்தையைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் புளிப்பு உடனே வந்துவிடாது. முதல் சில மணி நேரம் இரண்டு வகைக்கும் போட்டிதான். அதில் நல்லது முந்துவதற்கு நாம் கைகொடுக்க வேண்டும். இரவு வடித்த சோறாக இருக்கட்டும். காலையில் வடித்து நாளெல்லாம் கிடந்ததில் தண்ணீர் ஊற்றினால், கெட்டுப்போக ஆரம்பித்த சோற்றை ஊறவைத்த கதைதான். ஆவி அடங்கியதும், கழுவிக் காய்ந்த பானையில், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சோறு முழுகும்படி ஊற்றுங்கள். முந்தின நாள் நீராகாரம் ஒரு கரண்டி சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் ஏறும். காலையில் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். நூல் நூலாக இழுத்தாலோ, நிறம் மாறினாலோ, புளிப்பு வாசனைக்குப் பதில் வேறு வாடை வந்தாலோ கீழே கொட்டுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், கல்லீரல் நோயாளி ஆகியோருக்கு அன்றன்று வடித்த சூடான சோறுதான் சரி.

கணவரின் டப்பா

ஐந்து மணி முதல் ஒரு மணி வரை எட்டு மணி நேரம். வெறும் சோறும் பொரியலும் இதற்குத் தாங்காது. புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு ஆகியவை கட்டுச்சோறாக நிலைத்ததற்குக் காரணம் அவற்றின் புளிப்பு. தயிர்ச்சோறு புளித்துவிடக் கூடாதென்று பாலை நிறைய ஊற்றி, பேருக்கு ஒரு கரண்டி தயிர் விடுகிறோம். காவலாளியையே வெளியே அனுப்புகிற வேலை அது. டப்பாவுக்குக் கலக்கும்போது தயிர் தாராளமாக இருக்கட்டும். சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒரு பருக்கை விடாமல் பிசையுங்கள். சாம்பார் சோறு, வெறும் சோறு வேண்டுமென்றால் ஃபிளாஸ்க் வகை டப்பா வாங்குங்கள். கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கிற சோற்றை முட்ட நிரப்பி மூடுங்கள். மதியம் பிரிக்கும்போதும் ஆவி வர வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் அந்த டப்பா எட்டு மணி நேரத்துக்கு உதவாது. முந்தின நாள் ஃப்ரிட்ஜ் சோற்றைச் சூடாக்கிக் கட்டிக்கொடுக்க வேண்டாம்.

தங்கை சொன்ன சர்க்கரைக் கணக்கு

சோறு குளிரும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி சுலபமாகச் செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், 100 கிராம் சோற்றில் அதன் அளவு 0.64 கிராமிலிருந்து, 24 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடாக்கியபின் 1.65 கிராமாகக் கூடியது. நல்லதுதான். ஆனால் கூடியது ஒரு கிராம். அதை நம்பி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் கணக்கு உதைக்கும்.

மின்சாரம் போனால்?

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. அப்படிப்பட்ட இரவுகள் உங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. மூடியே இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் காக்கும். அதைத் தாண்டியபின் சமைத்த சோற்றை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்று அளவாக வடிப்பதே நல்லது.

இத்தனையையும் மீறிக் கெட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டால், அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரலாம். இன்னொரு வகையில் ஆறு முதல் பதினைந்து மணி நேரம் கழித்து வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும், ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது, மயக்கமோ குழப்பமோ இருக்கிறது, கண் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆக, அத்தையின் பானையும் இருக்கட்டும், உங்கள் ஃப்ரிட்ஜும் இருக்கட்டும். சாப்பிட்டு எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், மிஞ்சிய சோறு இரண்டில் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். படுக்கப்போகும் வரை ஹாட்பேக்கில் விடுவதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.