குறியும் மெய்ப்பாடும்

வைகாசித் திங்களில் நம் மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகையம்மன் கோயில்களில் வழக்குரை படிக்குங்கால், சிலம்பு உடைபடும் இடத்தில் கேட்போர் உளம் நெகிழ்வர். சிலம்பு சிறு பொருளே. எனினும் அறத்துக்குக் குறியாய் நிற்றலின் அழுகை என்னும் மெய்ப்பாட்டை எழுப்புகின்றது. குறியும் மெய்ப்பாடும் இவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்றலைச் சமய ஓவியங்களிலும் காணலாம். அவற்றுள் இரண்டினை ஈண்டு நோக்குவாம்.

ஐரோப்பாவிலே சீர்திருத்தக் கிறித்தவர் பலர் கோயிற் படங்களை விலக்கிய காலத்தில், கத்தோலிக்கரின் திரெந்துச் சங்கம் 1563இல் அவற்றைப் போற்றி நிலைநிறுத்தியது. பின்னர் 17ஆம் நூற்றாண்டில் உணர்ச்சி மிக்க பரோக் கலைநெறி தழைத்தது. அதன் முன்னோடி கரவாஜியோ. அவர் 1599–1600இல் உரோமாபுரியில் எழுதிய ‘மத்தேயுவின் அழைப்பு’ என்னும் ஓவியத்தில், வரி தண்டுவோனாகிய மத்தேயு நால்வரோடு காசு மேசையருகே இருக்கின்றான். ஒருபுறம் இருளிடை நின்று இயேசுநாதர் கைநீட்டுகின்றார். சுவரிலே பலகணி உண்டு. ஒளியோ அதன் வழியாக வரவில்லை. அஃது அருளின் ஒளி என்பதே குறிப்பு. சிலர் வியந்து நிமிர்கின்றனர். ஓரிளைஞனோ காசிலேயே கண்ணாயிருக்கின்றான்.

இனித் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவோம். அங்கே கருவறையின் உட்சுற்றுச் சுவரில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்களை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் சுந்தரர் வரலாறும் ஒன்று. சேக்கிழார் பெரியபுராணம் பாடுதற்கு ஒரு நூற்றாண்டின் முன்னரே அது தீட்டப்பட்டது. திருமண ஆரவாரத்தினிடையே ஓலை ஏந்தி முதியவர் நிற்கின்றார். இறைவனுக்கு ஆளாகும் உறவின் குறி அவ்வோலை. சூழ்ந்தோர் முகங்களில் வியப்பும் ஐயமும் தோன்றுகின்றன.

மத்தேயு பொருளிடையே அழைக்கப்பட்டார். சுந்தரர் இன்பத்திடையே தடுத்தாட்கொள்ளப்பட்டார். மருட்கை பிறக்கும் நிலைக்களங்களுள் புதுமையைத் தொல்காப்பியர் முதலில் வைத்தார். நாளும் பழகிய இடத்தில் எதிர்பாராதது புகுதலே ஈண்டுப் புதுமை. கரவாஜியோ மேசையிலிருப்போர்க்குத் தம் காலத்து உடையையே அணிவித்ததும் இக்கருத்துக்குப் பொருந்தும். அவர் ஒளியாலும் இருளாலும் உணர்த்தியதைச் சோழநாட்டு ஓவியர் கோட்டினாலேயே உணர்த்தினார்.

மாணவர்காள், சமய ஓவியத்தைக் காணுங்கால் முதலில் முகத்தையும் கையையும் நோக்கி மெய்ப்பாடு யாதெனக் கேளுங்கள். பின்னர் அதனை எழுப்பும் குறி யாதெனத் தேடுங்கள். குறியை மட்டும் அறிந்தவன் விடுகதைக்கு விடை கண்டவனே ஆவான். உணர்ச்சியில் மட்டும் ஆழ்ந்தவன் தான் உருகிய காரணத்தை அறியான். இரண்டும் கூடியவிடத்து ஓவியம் நம்மையே வினாவத் தொடங்கும். தன் மேசைமீது ஒளி விழுந்தும் தலைநிமிராத அவ்விளைஞனை ஓவியர் எதன்பொருட்டு எழுதினார் என்று சிந்தித்தலே இப்பாடத்தின் பயன்.