நடப்பு விவகாரமும் பட்டியல் படிப்பும்

இலங்கை நிர்வாக சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட மாத்திரத்தில், வத்தேகமவிலிருந்தும் பன்வில, மடுல்கலைத் தோட்டப் புறங்களிலிருந்தும் பஸ் ஏறிக் கண்டி நகரத்து டியூட்டரிகளுக்கு வரும் பட்டதாரிகளின் கைகளில் வினாவிடைச் சிறு நூல்கள் தோன்றிவிடுகின்றன. அவற்றோடு கூடவே, நடப்பு விவகாரம் என்னும் பாடத்தைப் பற்றிச் சில நம்பிக்கைகளும் வாய்மொழியாகப் பரவி, எவரும் பரிசோதித்துப் பாராமலே பிரமாணங்களாகிவிடுகின்றன.

சென்ற ஆறு மாதத்துப் பெயர்களையும் திகதிகளையும் மனனம் செய்தாற் போதும் என்பது அவற்றுள் மிகப் பிரபலமானது. ஓர் உதாரணத்தால் இதைச் சோதிப்போம். 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, 179 வாக்குகள் ஆதரவாகவும் ஒரே வாக்கு எதிராகவும் அளிக்கப்பட்டு நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம், சட்டமூலமாக இருந்தபோது 22ஆவது என்ற எண்ணைத் தாங்கியிருந்து, அம்மாதம் 31ஆம் திகதி சபாநாயகர் சான்றுரைத்தபோது 21ஆவது திருத்தமாயிற்று. பத்திரிகைத் தலைப்பை மாத்திரம் குறித்துக்கொண்டவர் எண்ணிலேயே தடுமாறுவார். எண்ணைச் சரியாக எழுதியவருக்கும், அத்திருத்தம் எதைத் திருத்தியது என்ற அடுத்த வினா வந்துவிட்டால், பட்டியல் கைகொடுக்காது.

விஷயத்தின் வேர் 2001இல் இருக்கிறது. அவ்வாண்டின் 17ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை ஸ்தாபித்து, அதன் விதப்புரையின்றி ஆணைக்குழு உறுப்பினரை ஜனாதிபதி நியமிக்க இயலாதவாறு செய்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அப்பேரவையை அகற்றி, அபிப்பிராயம் மாத்திரம் கூறும் பாராளுமன்றப் பேரவையை வைத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் மீட்டதை 2020இல் 20ஆவது திருத்தம் மறுபடியும் பறித்தது, 2022இல் 21ஆவது திருத்தத்தால் அப்பேரவை மீண்டும் வந்தது. இவ்வாறு கைமாறிக்கொண்டிருந்த அதிகாரங்களுள் ஒன்று, பரீட்சையில் தேறியவரை உத்தியோகத்தில் நியமிக்கும் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் அதிகாரமாகும் என்பதை நினைக்கும்போது, ஐந்து எண்களையும் ஐந்து ஆண்டுகளையும் தனித்தனியாக உருப்போடும் மாணவர் தம்முடைய சொந்தக் காரியத்தையே அந்நியமாகப் படிக்கிறார் என்ற வருத்தம் எனக்கு உண்டாகிறது. ஒரு சரித்திரமாகப் படித்தவருக்கு இவ்வெண்கள் மறப்பதில்லை.

பொருளாதாரச் செய்திகளும் இத்தன்மையனவே. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டதைத் திகதியாக மாத்திரம் அறிந்திருப்பது சொற்ப இலாபமே. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்கள், அவ்வாண்டு டிசெம்பரிலே பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டமை, பெருந்தொற்றினால் உல்லாசப் பயணத்துறை முடங்கியமை, 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அத்தடை கைவிடப்பட்டமை ஆகியவற்றைத் தொடர்ச்சியாகப் பார்ப்பவருக்கே, 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமானதும், 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் வசதிக்கு இணங்கியதும் அர்த்தமுள்ளவையாகும். இவற்றுக்கு ஆதாரமான மத்திய வங்கி வெளியீடுகள் தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுப் பழைய கைநூலை நம்புவோர், சனத்தொகையை இன்னும் 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி எழுதுகிறார்கள். 2024இல் தொடங்கிய கணக்கெடுப்போ அதனை ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம் என்று காட்டியது.

இந்தியாவிலே அச்சான தமிழ் நூல்கள் போதும் என்ற எண்ணமும் உண்டு. அந்நூல்கள் அந்நாட்டுப் பரீட்சைக்கு உகந்தவை, நம்முடையதற்கு அல்ல. இந்தியக் குடியரசுத் தலைவரைத் தெரிவுசெய்வோர் மக்கள் பிரதிநிதிகள். இங்கோ வாக்காளர் நேரடியாக, விருப்பு வரிசையோடு தெரிவுசெய்கின்றனர். 2024 செப்டெம்பரில் எவரும் அரைவாசிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாமையால் இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. 1982 முதல் நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் அதுவே முதற்றடவை.

தமிழ்மொழி மூலம் எழுதினால் மதிப்புக் குறையும் என்னும் அச்சம் மலையகத்தில் ஆழமாக வேரோடியுள்ளது. 1875இல் பொன்னம்பலம் அருணாசலம் சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையிலே தேறியபோது, அப்பரீட்சை லண்டனில் ஆங்கிலத்தில் நடந்தது. அந்தச் சிவில் சேவை 1963 மே 1ஆம் திகதி ஒழிக்கப்பட்டுவிட்டது. இன்றைய பரீட்சையைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய எதிலும் எழுதலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையோ, அவ்வாண்டு ஜூலை முதல் சேவையிற் சேர்வோர் ஐந்தாண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென விதித்தது. ஆகவே சிங்களம் கற்கவேண்டியதுதான், ஆனால் அதற்காகத் தமிழிலே எழுத அஞ்சவேண்டியதில்லை.

இன்னொரு நம்பிக்கைதான் என்னை மிகவும் வேதனைப்படுத்துவது. தோட்டத்துச் செய்தி தோட்டத்தோடு போயிற்று, பரீட்சைக்கு உரியவை கொழும்பும் ஜெனீவாவுமே என்று தோட்டப் பிள்ளைகளே எண்ணுகிறார்கள். தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுகாறும் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தால் நிர்ணயிக்கப்பட்ட வேதனம், 2021இல் சம்பளச் சபையின் மூலம் 1000 ரூபாவானது. 2024 மே மாதத்தில் 1700 ரூபாவென வர்த்தமானியில் வெளிவந்து, நீதிமன்றம் வரை சென்று, பின் செப்டெம்பரில் 1350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. இந்த ஒரு விஷயத்தைப் பின்தொடர்பவர், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தையும், 1992இல் தோட்ட முகாமை கம்பனிகளிடம் சென்றதையும், நிறைவேற்று அதிகாரத்தை நீதிமன்றம் பரிசீலிக்கும் முறையையும் ஒருங்கே கற்றவராவார். பிரஜாவுரிமையோ இதனினும் பெரிய பாடம்: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்திலே தொடங்கி, 1964 ஒக்டோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைக் கடந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை வரும் அவ்வரலாறு, பாட்டனாரின் பழைய பத்திரங்களாகப் பல வீடுகளின் தகரப் பெட்டிகளுக்குள்ளே கிடக்கிறது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவும் அவ்வாறே. சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக நெடுங்காலம் காட்டப்பட்டு வந்த அப்பிரிவு 2018இலேதான் திருத்தப்பட்டது. பன்வில மலைச்சரிவில் வாழும் ஒரு பரீட்சார்த்தி, தம் லயத்துக்கு ஏறும் பாதையில் எந்தப் பகுதி எந்த ஆண்டிலே, கம்பனியின் பணத்தாலா, அமைச்சின் பணத்தாலா, சபையின் பணத்தாலா போடப்பட்டது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதன் பக்கத்தில் அந்த 33ஆம் பிரிவை எழுதி வைத்தால், உள்ளூராட்சியைப் பற்றி வரக்கூடிய எந்தக் கட்டுரை வினாவுக்கும் வேண்டிய சான்று அவரிடம் இருக்கும்.